கிசுகிசு எழுத வருகிறவர்களுக்கு: நான் விழுந்த பள்ளங்கள்

செட்டிநாட்டில் கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் என்று ஏதாவது ஓர் ஊரில், பெரிய வீட்டு வாசலில் படப்பிடிப்பு ஜெனரேட்டர் வண்டி நின்றுகொண்டே இருக்கும். காரைக்குடியிலிருந்து சினிமாத் துணுக்குகள் எழுதி அனுப்பிப் பல வருடம் பிழைத்தவன் நான். இப்போது கையில் செல்போனோடு வரும் தம்பிகள், "அண்ணே, கிசுகிசு எப்படி எழுதுறது?" என்று கேட்கிறார்கள். அதை எழுதி எழுதித்தான் பழக வேண்டும். எதைச் செய்யக் கூடாது என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

முதலில் என் கதை. கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் படப்பிடிப்பு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் எனக்குப் பழக்கம். டீக்கடையில் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தி, "தம்பி, ரெண்டு நாளா அந்தப் பொண்ணு கேரவனை விட்டு இறங்கலை. ஹீரோகூட ஏதோ மனத்தாங்கல் போல" என்றார். அந்த வீட்டிலேயே இருக்கிறவர், கண்ணால் பார்த்தவர். வேறென்ன வேண்டும்? அன்றிரவே நாலு வரி அனுப்பினேன். அச்சிலும் வந்துவிட்டது.

மறுநாள் உதவி இயக்குநர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, பேசாமல் முகப்புத் தரையைக் காட்டினார். ஆத்தங்குடிக் கல்லைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளப்பாக்குவது இங்கே வழக்கம். படப்பிடிப்புக்காரர்கள் வருகிறார்கள் என்று எண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே விழுந்திருக்கிறது. நடிகை வழுக்கி விழுந்து, கணுக்கால் வீங்கிப்போய்க் கேரவனில் படுத்திருந்தார். எண்ணெய் போட்டவர் யார்? எனக்குச் செய்தி சொன்ன அதே அண்ணன்.

இரண்டு நாள் இறங்கவில்லை என்று அவர் சொன்னது உண்மை. காரணம் மட்டும் அவருக்கு வசதியானது. நேரில் பார்த்தாரா என்று யோசிக்கத் தெரிந்த எனக்கு, இதைச் சொல்வதில் அவருக்கு என்ன லாபம் என்று யோசிக்கத் தோன்றவில்லை. மேக்கப் உதவியாளர், டிரைவர், மேனேஜர், பி.ஆர்.ஓ. என்று யார் செய்தி சொன்னாலும் இதைக் கேட்டுப் பாருங்கள். படம் வெளியாகிற வாரத்தில் வந்து சேரும் காதல் செய்தி என்றால் இரண்டு தடவை கேளுங்கள்.

அடுத்தது, "பேர்தான் போடலையே" என்ற தைரியம். 'மூன்றெழுத்து நடிகை', 'வாரிசு நடிகர்' என்று எழுதிவிட்டால் தப்பித்தோம் என்று நினைப்பு. சட்டம் பெயரைத் தேடுவதில்லை. படிக்கிறவர்களுக்கு ஆள் யாரென்று புரிந்தால் போதும். புரிய வைக்கத்தானே அத்தனை குறிப்பும் கொடுக்கிறோம்! முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளில் இருந்த அவதூறுக் குற்றம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். 'கோடம்பாக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள்' என்று ஊர் மேல் பழியைப் போட்டாலும் எழுதியவர் நீங்கள்தான். "உண்மையைத்தானே எழுதினேன்" என்பதும் அங்கே முழுசாக எடுபடாது. உண்மையாக இருப்பதோடு, அதை வெளியிடுவதில் பொதுநலனும் இருக்க வேண்டும். ஒரு நடிகைக்கு எத்தனாவது மாதம் என்பதில் என்ன பொதுநலன்?

கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிட நக்கீரன் பத்திரிகை தொடுத்த வழக்கின் 1994 தீர்ப்பைப் படித்துவிட்டு இந்த வேலைக்கு வருவது நல்லது. பத்திரிகை அச்சாகும் முன்பே அதிகாரிகள் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். குடும்பம், திருமணம், மகப்பேறு போன்ற சொந்த விஷயங்களைச் சம்பந்தப்பட்டவரின் சம்மதமில்லாமல் எழுதக் கூடாது, பொது ஆவணத்தில் இருந்தாலோ அவரே விரும்பிச் சர்ச்சையில் இறங்கினாலோ கதை வேறு என்று அதே தீர்ப்பு சொன்னதை வசதியாக மறந்துவிடுகிறோம்.

அப்புறம் காசு. 'எழுதாமல் இருக்க' வாங்கும் காசைச் சொல்கிறேன். இங்கே லட்சுமிகாந்தனைச் சொல்லாமல் போக முடியாது. முதலில் 'சினிமா தூது', அது நின்றபின் 'இந்து நேசன்' என்று பத்திரிகைகள் நடத்தியவர். நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை எழுதியதோடு, மிரட்டிப் பணம் பறித்தார் என்ற பேச்சும் அவர்மேல் உண்டு. 1944 நவம்பர் 8-ம் தேதி சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது கத்திக்குத்துப் பட்டு, மறுநாள் இறந்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி, ஆயுள் தண்டனை பெற்று, வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-ல் விடுதலையானார்கள். குத்தியது யார் என்பது கடைசி வரை நிரூபணமாகவில்லை. சிறை போகும்வரை பாகவதருக்கு இருந்த மவுசு வெளியே வந்தபின் திரும்பவில்லை. ஒரு பத்தியெழுத்தாளரின் உயிரும் ஒரு சூப்பர் ஸ்டாரின் தொழிலும் ஒரே வழக்கோடு போயின. தீபாவளிக்கு வரும் இனிப்புப் பெட்டியில் ஆரம்பிப்பதுதான் இந்தப் பழக்கம். பெட்டியை வாங்கிக்கொண்டால் அடுத்த வாரம் பேனா தயங்கும்.

குறிப்பேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அவதூறுக்கு மூன்று வருடம் வரை குற்றவழக்குப் போடலாம். யார், எங்கே, எந்தத் தேதியில் சொன்னார் என்று உங்கள் கையெழுத்தில் இருந்தால் வக்கீலுக்குப் பாதி வேலை மிச்சம்.

தப்பு நடந்துவிட்டால் மறுப்பை ஒளித்துவைக்காதீர்கள். என் நாலு வரி கொட்டை எழுத்தில் பெட்டி கட்டி வந்தது. மறுப்பு அடுத்த இதழில் ராசிபலனுக்குக் கீழே ஒன்றரை வரி. அந்த நடிகையின் ஊரில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்?

அந்த அண்ணன் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். போன மாதம் வழியில் பார்த்தபோது, "தம்பி, உள்ள வா, ஒரு விஷயம்" என்றார். சரி என்று செருப்பைக் கழற்றிவிட்டு, முதலில் தரையைத் தொட்டுப் பார்த்தேன்.