ஜூஸ் பிழிந்த எலுமிச்சையிலிருந்து ஒரு மரம்

ஜூஸ் வடிகட்டியதும் வடிகட்டியில் தங்கும் விதைகளை எல்லோரும் குப்பையில் தட்டிவிடுவோம். அடுத்த முறை அதில் ஒரு பத்தை மட்டும் தனியே எடுத்துவையுங்கள். செலவு என்று பார்த்தால் ஒரு நாற்றுப் பையும் இரண்டு கை மண்ணும்தான்.

விதை போட்டு வளர்த்த மரம் காய்க்குமா, ஒட்டுச்செடிதானே வாங்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பங்கனப்பள்ளி மாங்கொட்டையைப் புதைக்கிறவரிடம் கேட்டால் சரியான கேள்விதான். எலுமிச்சை கதை வேறு. ஒரு எலுமிச்சை விதைக்குள் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருக்கும். அவற்றில் ஒன்றுதான் மகரந்தம் சேர்ந்து உண்டானது. மற்றவை தாய் மரத்தின் திசுவிலிருந்தே முளைத்தவை, அதாவது தாயின் அச்சு அசல் நகல். அதனால்தான் நம் ஊர்த் தோப்புகளில் எலுமிச்சையை விதை நாற்றாகவே நடும் பழக்கம் நெடுநாளாக இருக்கிறது.

எந்தப் பழத்தை எடுப்பது?

முதல் முறை என்றால் நாட்டு எலுமிச்சையையே எடுங்கள். விதையிலிருந்து 3 முதல் 5 ஆண்டுக்குள் பூத்துவிடும். சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு விதைகளும் நன்றாக முளைக்கும், பெரும்பாலும் தாயைப் போலவே வரும். ஆனால் காய்க்க 7, 8 ஆண்டாவது ஆகும், அதற்கு மேலும் இழுக்கலாம். பம்பளிமாஸ் விதையில் ஒரே கருதான், அதுவும் கலப்பால் வந்தது. பழம் எப்படி இருக்கும் என்பது மரம் காய்த்த பிறகுதான் தெரியும். பொறுமையும் இடமும் இருப்பவர்கள் போட்டுப் பார்க்கலாம், நான் போடமாட்டேன்.

தோல் நன்றாக மஞ்சளடித்த, கையில் கனக்கிற பழமாகப் பாருங்கள். பச்சைக் காயில் விதை முற்றியிருக்காது.

விதையை எடுப்பது

நடுவில் கத்தியை ஓங்கி இறக்கினால் பாதி விதைகள் துண்டாகிவிடும். தோலைச் சுற்றி மேலோட்டமாகக் கீறிவிட்டு, இரண்டு கையாலும் திருகிப் பிரியுங்கள். விதைகள் முழுசாகக் கிடைக்கும். மேலே ஒரு வழவழப்பு ஒட்டியிருக்கும். அது போகும்வரை வடிகட்டியில் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். சதை ஒட்டியிருந்தால் எறும்பும் பூஞ்சையும் தேடி வரும். பிறகு ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு, அடியில் தங்குபவற்றில் குண்டானவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் நான் முதல் முறை கோட்டைவிட்டேன். கத்தரி, வெண்டை விதைகளைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து டப்பாவில் போட்டுவைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். எலுமிச்சை விதையையும் அப்படியே ஜன்னலில் காயவைத்து, ஒரு மாதம் கழித்து இருபது விதை ஊன்றினேன். ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. இந்த விதைக்கு உள்ளே ஈரம் இருக்கும்வரைதான் உயிர். எடுத்த அன்றைக்கே ஊன்றுவது நல்லது. முடியாவிட்டால் ஈரத் துணியில் சுற்றி, மூடிய டப்பாவில் வைத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் சில நாள் வைத்திருக்கலாம்.

தோலை உரித்து முளைகட்டுவது

தோலோடு ஊன்றினாலும் முளைக்கும், 3 அல்லது 4 வாரம் ஆகும். உரித்துவிட்டால் ஒன்றரை வாரத்திலேயே வேர் தெரியும். கழுவிய விதையை ஒரு மணி நேரம் ஈரம் உலரவிட்டால் கைக்குப் பிடிபடும். கூரான முனையில் நகத்தால் லேசாகக் கிள்ளுங்கள். வெள்ளையான தடித்த தோல் முட்டை ஓடு மாதிரி உடைந்து வரும். அதற்கடியில் மெல்லிய பழுப்புத் தோல் ஒன்று இருக்கும், அதையும் உரிக்கலாம், விட்டாலும் பழுதில்லை. பருப்பில் நகம் பதியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கமலா ஆரஞ்சு விதையை உரித்தால் உள்ளே பிஸ்தாப் பருப்பு போலப் பச்சையாக இருக்கும், கெட்டுப்போனது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

உரித்தவற்றை நனைத்துப் பிழிந்த டிஷ்யூ பேப்பரில் இடைவெளி விட்டு வைத்து, மடித்து, சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடுங்கள். சொட்டச் சொட்ட ஈரம் வேண்டாம். வெளிச்சம் தேவையில்லை, கதகதப்புதான் தேவை. நம் ஊர்ச் சமையலறை அலமாரியே போதும். இரண்டு நாளுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். பூஞ்சை பிடித்ததை எடுத்துவிட்டு, மற்றதைக் கழுவிப் புதுப் பேப்பரில் மாற்றுங்கள்.

மண்ணுக்கு மாற்றுவது

வேர் ஒரு சென்டிமீட்டர் நீண்டதும் மாற்றிவிடலாம். ரொம்ப நாள் விட்டால் வேர் பேப்பரில் சிக்கிக்கொள்ளும், பிரிக்கும்போது ஒடியும்.

செம்மண், மணல், மண்புழு உரம் மூன்றும் சம அளவு. கூடவே ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. மொட்டை மாடி என்றால் பளு குறைய மணலுக்குப் பதில் தென்னை நார்க்கழிவு சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அது ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். களிமண் மட்டும் ஆகவே ஆகாது. தண்ணீர் தேங்கினால் எலுமிச்சை முதலில் வேரில்தான் அழுகும், இலை வாடி நமக்குத் தெரியவரும்போது காரியம் கைமீறியிருக்கும்.

ஆறேழு அங்குல உயர நாற்றுப் பையில் அடியில் நான்கு ஓட்டை போட்டு மண்ணை நிரப்புங்கள். வேர் கீழ்நோக்கி இருக்க, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து மூடுங்கள். தண்ணீரைப் பூவாளியில் தெளிக்க வேண்டும், குவளையில் ஊற்றினால் விதை மேலே மிதந்து வந்துவிடும். இலை வரும்வரை காலை வெயில் மட்டும் படுகிற இடம் போதும். சில நாற்று தரையை ஒட்டித் தண்டு இற்றுச் சாயும். அது நாற்றழுகல், அதிக ஈரத்தால் வருவது. சாய்ந்ததைப் பிடுங்கிப் போட்டு, மேல் மண் உலர்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள்.

ஒரு விதை, மூன்று முளை

ஒரே இடத்தில் இரண்டு மூன்று தண்டுகள் கிளம்பினால் பயப்பட வேண்டாம், முதலில் சொன்ன பல கரு விஷயம்தான் இது. ஒன்று நெடுநெடுவென்று வளரும், ஒன்று நடுத்தரம், ஒன்று நோஞ்சானாக, இலையும் சற்று மாறி இருக்கலாம். கலப்பால் வந்த கரு பெரும்பாலும் இந்த நோஞ்சான்தான். நாலைந்து இலை விட்டதும் பையை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி மண்ணைக் கரைத்து, வேர்களைப் பிரித்துத் தனித்தனிப் பையில் நடுங்கள். வேர் பின்னிக்கிடந்தால் ஓங்கி வளர்வதை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரித்துவிடுவது எளிது. பாவம் பார்த்து மூன்றையும் ஒரே பையில் விட்டால் மூன்றுமே தேறாது.

வளர்ப்பு

ஆறு மாதத்தில் 12 அங்குலத் தொட்டிக்கு, ஒன்றரை ஆண்டில் 18 அங்குலத் தொட்டிக்கோ பெரிய குரோ பேக்குக்கோ மாற்றுங்கள். ஒரேயடியாகப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளித்துப்போகும். வேர் பிடித்த பிறகு தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். விரலை மண்ணில் இரண்டு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம்.

தரையில் நட இடம் இருந்தால் யோசிக்காமல் தரையில் நடுங்கள். இரண்டரை அடி நீள அகல ஆழத்தில் குழி, அடுத்த மரத்துக்கு 15 அடியாவது தள்ளி. மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளம் வேண்டாம்.

விதைக் கன்றுகளில் முள் அதிகம். முள்ளுக்குப் பயந்து நுனியை வெட்டி வெட்டிக் குட்டையாக்காதீர்கள். செடி ஒரு அளவு வளர்ந்து முதிர்ந்தால்தான் பூக்கும், நுனியைக் கிள்ளக் கிள்ள அந்த நாள் தள்ளிப்போகும்.

பறவை எச்சம் நகர்ந்தால்

ஒருநாள் கொழுந்தில் பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டியிருக்கும். மறுநாள் அது வேறு இலையில் இருக்கும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது. வளர்ந்தால் இலைப் பச்சை நிறத்துக்கு மாறிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவட்டைக் கொம்பு ஒன்றை நீட்டும், கூடவே ஒரு நெடி. பத்து இலை உள்ள கன்றை இரண்டு புழுக்கள் ஓரிரு நாளில் மொட்டையாக்கிவிடும். மருந்து எதுவும் வேண்டாம். தினமும் காலையில் கொழுந்தைத் திருப்பிப் பார்த்துக் கையால் எடுத்துவிடுங்கள். நான் அவற்றை வேலியோரத்து வில்வ மரத்தில் விட்டுவிடுவேன், அந்த இலையையும் அவை தின்னும்.

இலையில் வெள்ளிக் கோடு நெளிந்து நெளிந்து ஓடினால் இலைத்துளைப்பான். பெரிய மரத்துக்குப் பாதகமில்லை, கன்றுக்கு மட்டும் வேப்பெண்ணெய்க் கரைசலைப் புதுக் கொழுந்தில் தெளியுங்கள்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், கரைய இரண்டு சொட்டு சோப்பு, மாலையில். நரம்பு பச்சையாக இருந்து இடையில் மட்டும் இளம் இலை வெளுத்தால் இரும்பு அல்லது துத்தநாகச் சத்துக் குறை. உரக்கடையில் நுண்ணூட்டக் கலவை என்று கேட்டு வாங்கி, பொட்டலத்தில் சொன்ன அளவுக்குத் தெளிக்கலாம்.

அப்புறம் ஒரு விஷயம். முதல் தடவை பூத்ததும் வீடே மணக்கும், பட்டாணி அளவில் பிஞ்சும் பிடிக்கும். அதில் முக்கால்வாசி உதிர்ந்துவிடும். தண்ணீர் போதவில்லையோ என்று வாளி வாளியாக ஊற்றாதீர்கள், தாங்க முடியாத சுமையைச் செடியே இறக்கிவைக்கிறது. நின்ற நாலு காய் மஞ்சளாக ஐந்தாறு மாதம் ஆகும். அதுவரை மோருக்கு இரண்டு இலை கிள்ளிக்கொள்ளலாம்.