வேலிக்கு ஓணான் சாட்சி: மாக் வைத்து டெஸ்ட் எழுதுகையில் சறுக்கும் இடங்கள்

பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஒரு ஃபங்ஷன். பணம் போனதும் வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். அதற்கு டெஸ்ட் இருந்தது; நிஜ எஸ்.எம்.எஸ். போகாமலிருக்க, அனுப்பும் ஆப்ஜெக்டின் இடத்தில் மாக் என்ற போலி ஆப்ஜெக்டை வைத்து எழுதிய டெஸ்ட். மாதக்கணக்கில் பச்சை காட்டிக்கொண்டும் இருந்தது. ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டு, "ஒரு ரீஃபண்டுக்கு மூணு மெசேஜ் வந்திருக்கு, மூணு தடவை பணம் வருமா சார்?" என்று கேட்டார். டெஸ்டைத் திறந்தால் கடைசி வரி இப்படி இருக்கிறது: எஸ்எம்எஸ்.கால்ட்_ஒன்ஸ்_வித்(எண், செய்தி). இருக்க வேண்டியது அசர்ட்_கால்ட்_ஒன்ஸ்_வித். முன்னால் அசர்ட், அதாவது "சரிபார்" என்ற சொல், விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

எழுதியது நான். ரிவ்யூ பார்த்தவர்கள் இரண்டு பேர். மூவர் கண்ணிலும் படவில்லை. படாது, அந்த வரியை வாசித்தால் "ஒரு தடவைதான் கூப்பிட்டது" என்று சரியாகத்தானே காதில் விழுகிறது.

பைத்தானின் மாக் ஆப்ஜெக்ட் ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. எந்தப் பக்கம் தட்டினாலும் ஆமாம் போடும். அதனிடம் இல்லாத மெத்தடைக் கேட்டால், அந்த நொடியே அந்தப் பெயரில் இன்னொரு மாக்கை உண்டாக்கிக் கையில் கொடுத்துவிடும். நான் கூப்பிட்டது சோதிக்கும் மெத்தடை அல்ல, அப்போதுதான் பிறந்த ஒரு பொம்மையை. அதுவும் தலையாட்டியது, டெஸ்ட் பாஸ்.

இந்தக் குழியில் விழுந்தவன் நான் மட்டுமல்ல என்பதற்குப் பைத்தானின் வரலாறே சாட்சி. மாக் உண்டாக்கித் தரும் யூனிட்டெஸ்ட்.மாக் 2012-இல் 3.3 பதிப்போடு பைத்தானுக்குள் வந்தது. அப்போது அசர்ட்_கால்ட்_ஒன்ஸ் என்று ஒரு மெத்தடே கிடையாது. ஆனால் பலர் இருக்கிறது என்று நம்பி எழுதினார்கள், எல்லாம் பாஸ் ஆனது. 3.5-இல்தான், அசர்ட் என்று தொடங்கும் தெரியாத பெயரைக் கேட்டால் பிழை எழுப்பும்படி செய்தார்கள். 3.6-இல் அந்த மெத்தடையே சேர்த்துவிட்டார்கள். என் தவறு அதற்கு நேர் எதிர், அசர்ட்டை விட்டுவிட்டது. அதைப் பிடிக்கும் காவல் 3.12-இல் வந்தது. எங்கள் சர்வரில் ஓடியது அதற்கும் பழையது.

பதிப்பை நம்பி இருக்க வேண்டாம். மாக்கை வெறுமனே உண்டாக்காமல், க்ரியேட்_ஆட்டோஸ்பெக் வழியாக அசல் கிளாஸைக் காட்டி உண்டாக்குங்கள். அப்போது அசலில் இல்லாத மெத்தடைத் தொட்டால் பிழை வரும். மெத்தடுக்குத் தரும் ஆர்கியுமென்ட் எண்ணிக்கை தப்பினாலும் வரும். இதன் பெரிய லாபம் எழுத்துப்பிழையைப் பிடிப்பது அல்ல. நாளை யாராவது அசல் கிளாஸில் அனுப்பு என்பதை அனுப்பிவை என்று மாற்றினால், வெறும் மாக் பழைய பெயருக்கே தலையாட்டிக்கொண்டிருக்கும், டெஸ்ட் பச்சை, புரொடக்‌ஷன் சிவப்பு. ஆட்டோஸ்பெக் இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

பொம்மையின் இன்னொரு குணமும் தெரிந்திருக்க வேண்டும். மேஜிக்மாக்கை, அதாவது இஃப், லென் போன்றவற்றுக்கும் பதில் சொல்லும் மாக்கை, இஃப் போட்டுக் கேட்டால் ட்ரூ. லென் (நீளம்) கேட்டால் 0. இன்ட்டாக (முழு எண்ணாக) மாற்றினால் 1. "பதில்.ஓகே என்றால் பணம் வந்தது" என்று உங்கள் கோட் பார்க்கிறது, டெஸ்டில் ஓகேவுக்கு மதிப்பு வைக்க மறந்துவிட்டீர்கள் என்றால், பணம் வாங்கித் தரும் கேட்வே செத்துக் கிடந்தாலும் டெஸ்டில் பணம் வந்துவிடும். ஒருமுறை பில் தொகை ஒரு ரூபாய் என்று கணக்கில் வந்து அரை மணி நேரம் மண்டையைக் குடைந்தது. கடைசியில் அது இன்ட்டாக மாறிய பொம்மை.

ஒட்ட வேண்டிய இடம் எது

பேட்ச் போடுவதில், அதாவது டெஸ்ட் ஓடும் வரை அசல் பெயரின் மேல் மாக்கை ஒட்டி வைப்பதில், எல்லோரும் ஒருமுறையாவது தடுக்கி விழுவார்கள். எஸ்.எம்.எஸ். அனுப்பும் ஃபங்ஷன் அறிவிப்பு என்ற மாட்யூலில் இருக்கிறது. பில் மாட்யூல் அதை ஃப்ரம் அறிவிப்பு இம்போர்ட் அனுப்பு என்று எடுத்துக்கொள்கிறது. டெஸ்டில் அறிவிப்பு.அனுப்பு மேல் பேட்ச் போடுகிறோம். வேலை செய்யாது. இம்போர்ட் ஆன கணத்திலேயே பில் தன் வீட்டில் அந்தப் பெயரை எழுதி வைத்துக்கொண்டது. நாம் போய் அறிவிப்பின் வீட்டில் போர்டை மாற்றுகிறோம். பேட்ச் போட வேண்டியது பில்.அனுப்பு மேல், அதாவது அந்தப் பெயரைத் தேடி எடுக்கும் இடத்தில். பில் மாட்யூல் அறிவிப்பை முழுதாக இம்போர்ட் செய்து அறிவிப்பு.அனுப்பு என்றே கூப்பிட்டால் மட்டும் முதலில் சொன்னது சரி. இந்தத் தவறின் அறிகுறி சில சமயம் வேடிக்கையாக இருக்கும்: டெஸ்ட் ஓடும்போது பக்கத்து மேஜையில் யாருடைய போனாவது அடிக்கும்.

எல்லாவற்றையும் எதிர்பார்ப்பது

இனி வருவது எழுத்துப்பிழையை விட மோசம், ஏனென்றால் இதைச் செய்பவர்கள் தாங்கள் கவனமாக இருப்பதாக நினைத்துச் செய்கிறார்கள்.

தள்ளுபடி கணக்கிடும் ஒரு ஃபங்ஷன் என்று வையுங்கள். அது டேட்டாபேஸில் வாடிக்கையாளரைத் தேடும், அவருடைய பழைய ஆர்டர்களை எடுக்கும், 10 சதவீதமா 15 சதவீதமா என்று சொல்லும். நான் பார்த்த டெஸ்டில் இப்படி இருந்தது: வாடிக்கையாளரைத்_தேடு ஒரு முறை கூப்பிடப்பட்டதா, பிறகு ஆர்டர்களை_எடு ஒரு முறை கூப்பிடப்பட்டதா, இந்த வரிசையில்தானா, வேறெதுவும் கூப்பிடப்படவில்லையா. நான்கு எதிர்பார்ப்புகள். 15 சதவீதம் வந்ததா என்று கேட்கும் வரியை மட்டும் காணோம்.

பிறகு ஒருவர் வந்து, இரண்டு தேடலை ஒரே தேடலாக்கி வேகத்தைக் கூட்டினார். தள்ளுபடி ஒரு பைசா மாறவில்லை. ஆனால் டெஸ்டுகள் கொத்தாகச் சிவந்தன. அடுத்த வாரம் இன்னொருவர் 15 இருக்க வேண்டிய இடத்தில் 51 என்று தட்டிவிட்டார். ஒரு டெஸ்டும் சிவக்கவில்லை. உள்ளே என்ன செய்கிறது என்பதை வரிக்கு வரி டெஸ்டில் நகல் எடுத்தால் கிடைப்பது இதுதான். கோட் சரி என்பதற்கு மாக் சாட்சி, மாக் சரி என்பதற்கு அதே கோட் சாட்சி. ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி.

நான் பின்பற்றுவது ஒரு எளிய பிரிவினை. கூப்பிட்ட மெத்தட் ஒரு விவரத்தைக் கேட்கிறதா, அல்லது ஒரு வேலையை ஏவுகிறதா? விவரம் கேட்பதானால் பதிலை மட்டும் தயார் செய்து கொடுத்துவிட்டு விடுங்கள். எத்தனை முறை கேட்டது என்று எண்ண வேண்டாம். இதற்குப் பெயர் ஸ்டப். ஏவுவதானால், அதாவது எஸ்.எம்.எஸ். போவது, பணம் பிடிப்பது, பதிவை அழிப்பது போன்று வெளியுலகில் ஒன்று மாறுமானால், அங்கேதான் "ஒரு முறை, இந்த மதிப்போடு" என்ற எதிர்பார்ப்பு வேண்டும். அதுதான் மாக். டெஸ்டில் அசலுக்குப் பதிலாக நிற்பவற்றை டம்மி, ஸ்டப், ஸ்பை, மாக், ஃபேக் என்று, எக்ஸ்யூனிட் டெஸ்ட் பேட்டர்ன்ஸ் நூலை எழுதிய ஜெரார்ட் மெஸ்ஸரோஸ் ஐந்தாகப் பிரித்து வைத்திருக்கிறார். நாம் பேச்சில் எல்லாவற்றையும் மாக் என்றே சொல்லிச் சொல்லித்தான், எல்லாவற்றின் மேலும் எதிர்பார்ப்பு வைக்கும் பழக்கம் வந்தது என்பது என் சந்தேகம்.

ஜாவாவில் மொக்கிட்டோ என்ற மாக் லைப்ரரியைப் பயன்படுத்துபவர்கள், வேறெதுவும் கூப்பிடப்படவில்லையே என்று பார்க்கும் வெரிஃபை_நோ_மோர்_இன்டராக்‌ஷன்ஸ் என்பதை ஒவ்வொரு டெஸ்டின் அடியிலும் கையெழுத்து மாதிரி போடுவதைப் பார்க்கலாம். ஒவ்வொரு டெஸ்டிலும் இதைப் போடாதீர்கள் என்று மொக்கிட்டோவின் ஆவணமே சொல்கிறது. நாளைக்கு ஒரு லாக் வரி சேர்த்தாலும் டெஸ்ட் உடையும் என்றால், அந்த டெஸ்டை நாளை மறுநாள் யாராவது அழித்துவிடுவார்கள்.

ஜாவாக்காரர்களுக்கு இன்னும் சில

ஈஸிமாக் என்ற இன்னொரு மாக் லைப்ரரியில் முதலில் எதிர்பார்ப்பைப் பதிவு செய்கிறோம், ரீப்ளே கூப்பிடுகிறோம், கோடை ஓட்டுகிறோம், கடைசியில் வெரிஃபை. ரீப்ளேவை மறந்தால் மாக் இன்னும் பதிவு செய்யும் நிலையிலேயே இருக்கும். கோட் கூப்பிடும்போது null என்ற வெற்று மதிப்பும் பூஜ்ஜியமும்தான் வரும். அது பரவாயில்லை, டெஸ்ட் எங்காவது இடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். வெரிஃபையை மறப்பதுதான் ஆபத்து: நடக்க வேண்டியது நடக்காமல் போனாலும் டெஸ்ட் வாயைத் திறக்காது.

மொக்கிட்டோவில் ஒரு ஆர்கியுமென்டுக்கு எனி (எதுவானாலும் சரி) என்ற மேட்ச்சரைப் போட்டு, அடுத்ததற்கு நேரடி மதிப்பு கொடுத்தால் பிழை வரும். ஒன்றுக்கு மேட்ச்சர் என்றால் எல்லாவற்றுக்கும் மேட்ச்சர், நேரடி மதிப்பை ஈக்யூ-வுக்குள் வைக்க வேண்டும். அசல் ஆப்ஜெக்டைச் சுற்றி நிற்கும் ஸ்பையில் பதில் வைக்க வென் போட்டால், அந்த வரியிலேயே அசல் மெத்தட் ஓடிவிடும்; காலி லிஸ்டின் ஸ்பையில் முதல் உறுப்பைக் கேட்டால் அங்கேயே வெடிக்கும். அதற்கு டூ_ரிட்டர்ன் இருக்கிறது. தேவையில்லாத ஸ்டப்பை மொக்கிட்டோ கண்டித்தால் லீனியன்ட் போட்டு வாயை அடைக்காமல், அந்த ஸ்டப்பை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் அது வேறு டெஸ்டிலிருந்து காப்பி அடிக்கும்போது ஒட்டிக்கொண்டு வந்ததாக இருக்கும்.

திரும்பவும் பைத்தானுக்கு வருகிறேன், ஏனென்றால் இது ஒரு முழு மாலையைத் தின்றது. கோட், கூடை என்ற லிஸ்டை ஆர்டர்.பதிவு மெத்தடுக்குக் கொடுக்கிறது, உடனே கூடை.கிளியர் செய்கிறது. டெஸ்டில் "அரிசி, பருப்பு என்ற லிஸ்டோடு கூப்பிடப்பட்டதா" என்று கேட்டால், இல்லை, காலி லிஸ்டோடு என்று பதில் வருகிறது. மாக் லிஸ்டை நகல் எடுத்து வைப்பதில்லை, அதே லிஸ்டைத்தான் கையில் பிடித்திருக்கிறது. நாம் சோதிக்கும் நேரத்தில் கூடை காலி. மாறக்கூடிய ஆர்கியுமென்ட் என்றால் மாக்கைக் கூப்பிடும்போதெல்லாம் ஓடும் சைடு_எஃபெக்ட்டில் ஒரு சிறு ஃபங்ஷன் வைத்து, கூப்பிட்ட அந்த நேரத்திலேயே நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்குச் சொந்தமில்லாததை மாக் செய்வது

மாக்கில் நாம் வைக்கும் பதில் உண்மை அல்ல. அந்தப் பக்கம் இப்படித்தான் பதில் சொல்லும் என்ற நம் நம்பிக்கை. நம் டீமின் கிளாஸ் என்றால் அந்த நம்பிக்கையை எழுந்து போய்க் கேட்டுச் சரிபார்க்கலாம். பேமென்ட் கேட்வேயும் எச்.டி.டி.பி. லைப்ரரியும் அப்படி அல்ல. 404 வந்தால் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி தானே எக்ஸெப்ஷன் வீசும் என்று நம்பி, மாக்கிலும் எக்ஸெப்ஷன் வீச வைத்து, அதைப் பிடிக்கும் கோடும் எழுதி, டெஸ்டும் பாஸ் ஆன ஒருவரை எனக்குத் தெரியும். ரிக்வெஸ்ட்ஸ் அப்படி வீசாது. ரெய்ஸ்_ஃபார்_ஸ்டேட்டஸ் கூப்பிட்டால்தான் வீசும். இன்னொரு இடத்தில் மாக் 500 என்று ரூபாயில் பதில் சொன்னது. அசல் கேட்வே பைசாவில் பேசியது.

வெளி லைப்ரரியை நேரடியாக மாக் செய்யாமல், நம் தேவைக்கு மட்டும் நாலு மெத்தட் கொண்ட ஒரு மெல்லிய கிளாஸை நடுவில் வையுங்கள். மற்ற டெஸ்டுகளில் அந்தக் கிளாஸை மாக் செய்யலாம். அந்தக் கிளாஸை மட்டும் கேட்வேயின் சோதனைச் சூழலோடு நிஜமாகப் பேசவிட்டு, தினம் ஒரு தடவையாவது ஓட்டுங்கள். டேட்டாபேஸுக்கு மாக்கை விட, டிக்‌ஷ்னரியில் சேமிக்கும் ஒரு ஃபேக், அதாவது எளியதானாலும் நிஜமாகவே வேலை செய்யும் மாற்று, நன்றாக உழைக்கும்; "சேமி கூப்பிடப்பட்டதா" என்று கேட்காமல், சேமித்ததைத் திரும்ப எடுத்துப் பார்த்துவிடலாம்.

மூன்று மெசேஜ் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் செய்தது இது. ரீஃபண்ட் கோடில் எஸ்.எம்.எஸ். அனுப்பும் வரியை வேண்டுமென்றே அழித்துவிட்டு டெஸ்டுகளை ஓட்டினோம். மெசேஜைச் சோதிப்பதாகச் சொல்லிக்கொண்ட டெஸ்டுகள் ஏழு. ஐந்து பச்சையாகவே நின்றன. அவற்றில் மூன்றில் என் பெயர் இருந்தது.