முதல் ஆர்க்கிட்: பூவை விடுங்கள், வேரைப் பாருங்கள்

ஆர்க்கிட் ஆசை ஒரு செடியோடு நிற்காது. முதல் பூங்கொத்து வாடும் முன்பே இரண்டாவது செடியை மனம் தேடும். வாங்கலாம், ஆனால் முதல் செடி உங்கள் வீட்டில் ஒரு புது வேர் விடும்வரை பொறுத்திருங்கள்.

தொடங்க ஏற்றது ஃபெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகை. பூ இரண்டு மூன்று மாதம் நிற்கும், வெயிலும் அதிகம் கேட்காது. இரவிலும் வெப்பம் தணியாத இடமென்றால் டென்ட்ரோபியம் என்ற வகையை எடுங்கள். அதற்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். எதுவானாலும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் தொட்டியில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வேரின் நிறம் தெரிந்தால்தான் தண்ணீர் ஊற்றும் கணக்கு கைக்கு வரும்.

இந்தச் செடிகள் காட்டில் மரக்கிளையைப் பற்றி வளர்பவை. வேரைச் சுற்றி வெலமென் என்ற பஞ்சு போன்ற உறை இருக்கிறது. காய்ந்திருக்கும்போது அது வெள்ளிச் சாம்பல் நிறம், நீர் குடித்ததும் பச்சை. தொட்டிக்குள் வேர் இன்னும் பச்சையாகத் தெரிந்தால் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். பெரும்பாலும் சாம்பலானதும், காலையில், தொட்டியை 10 நிமிடம் தண்ணீரில் வைத்து எடுத்து முழுக்க வடியவிடுங்கள். அடித்தட்டில் நீர் தேங்கக் கூடாது. நடுக்குருத்தில் நீர் தங்கினால் மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுங்கள். குருத்து அழுகினால் ஃபெலனாப்சிஸ் பிழைப்பது அரிது.

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இலை சுருங்கித் தொங்கும், தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். உண்மையில் ஈரம் மிகுந்து, காற்றில்லாமல் வேர் அழுகியிருக்கும். உறிஞ்ச வேர் இல்லாததால்தான் இலை வாடுகிறது. சந்தேகம் வந்தால் செடியை வெளியே எடுத்துப் பாருங்கள். கடையிலிருந்து வரும் செடிகள் பலவற்றில் வேர்களுக்கு நடுவே பாசி உருண்டை இறுக்கித் திணித்திருக்கும், அதைக் கட்டாயம் நீக்குங்கள். ஒவ்வொரு வேரையும் விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் நல்ல வேர். கொழகொழவென்று நசுங்கி, தோல் உரிந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் வெட்டிவிடுங்கள், நிறம் என்னவாக இருந்தாலும். கத்தரியை முதலில் தீயில் காட்டி ஆறவிடுங்கள்.

மாற்றித் தொட்டியிட 1 முதல் 2 செ.மீ. மரப்பட்டைத் துண்டு 5 பங்கு, அடுப்புக்கரி 1 பங்கு. பட்டையை முந்தின இரவே ஊறவையுங்கள். மண் கூடவே கூடாது. தொட்டி வேர்கள் அடங்கும் அளவே போதும். பெரிய தொட்டியில் நடுப்பகுதி காயவே காயாது. வெளியே நீளும் காற்று வேர்களை அப்படியே விடுங்கள். வெட்டுக்காயம் ஆற மூன்று நாள் கழித்து நீர் விடுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பட்டை மக்கும்போது, இதே வேலை.

உரம் 20-20-20 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது), லிட்டர் நீருக்கு அரை கிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஈரமான வேருக்கு மட்டும். மாதம் ஒருமுறை வெறும் நீரால் அலசினால் உப்பு தேங்காது.

வெளிச்சத்தை இலையே சொல்லும். கரும்பச்சை என்றால் போதவில்லை, சிவப்பு ஏறினால் மிகுதி. இலைக்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். ஓரம் மங்கிய நிழல் விழுந்தால் சரி.

ஃபெலனாப்சிஸ் மீண்டும் பூக்கச் சில வாரங்கள் இரவு வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்க வேண்டும். பிறகு இலையடியில் ஒரு பச்சை நுனி எட்டிப் பார்க்கும். உருண்டு வழவழப்பாக இருந்தால் வேர். தட்டையாக, கட்டைவிரல் தனித்த கையுறை போல இருந்தால் பூந்தண்டு. அன்றிலிருந்து தொட்டியைத் திருப்பாதீர்கள், தண்டு வெளிச்சத்தைத் தேடி முறுக்கிக்கொள்ளும். பழுக்கும் பழங்களையும் அருகில் வைக்காதீர்கள். அவை விடும் எத்திலீன் வாயு மொட்டுகளை விரியும் முன்பே உதிர்த்துவிடும்.