சரசோட்டாவின் ரிங்ளிங் மாளிகையும் ஓவிய அருங்காட்சியகமும்: முதல்முறை போகிறவர்கள் எப்படிப் பார்ப்பது?

ஃப்ளோரிடா போகும் நம் ஆட்கள் பெரும்பாலும் ஒர்லாண்டோவில் டிஸ்னியைப் பார்த்துவிட்டு, நாள் மிச்சமிருந்தால் மியாமிக்கு ஒரு நடை போய்விட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். மேற்குக் கரையில், டாம்பாவிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் சரசோட்டா வரும். அங்கே விரிகுடாத் தண்ணீரை ஒட்டி ஒரு சர்க்கஸ் முதலாளி கட்டிய மாளிகை இருக்கிறது, அதே வளாகத்தில் அவர் சேர்த்த ஓவியங்களுக்கென்றே கட்டிய அருங்காட்சியகமும் இருக்கிறது. ஒரு முழுநாளை அதற்கு ஒதுக்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் வளாகம் 66 ஏக்கர். திட்டமில்லாமல் போனால் மாளிகையில் படம் எடுத்துவிட்டு, கால் வலித்து, ஓவியங்களை ஓட்டமாகப் பார்த்துவிட்டு வந்துவிடுவீர்கள். அப்படி ஆகாமலிருக்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஆள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஜான் ரிங்ளிங், சர்க்கஸ் நடத்திப் பெரும் பணக்காரரான ரிங்ளிங் சகோதரர்களில் ஒருவர். அவர் மனைவி மேபல். இருவருக்கும் வெனிஸ் நகரத்தின் மேல் அப்படி ஒரு பிரியம். 1924-இல் தொடங்கி 1926-இல் கட்டி முடித்த மாளிகைக்கு கா டஸான் என்று பெயர், செலவு ஏறக்குறைய 15 லட்சம் டாலர். கட்டடக் கலைஞர் ட்வைட் ஜேம்ஸ் பாம் வரைந்து கொடுத்தாலும், எப்படி இருக்க வேண்டும் என்பதில் மேபலின் கைதான் ஓங்கியிருந்தது. பாவம், அந்த வீட்டில் அவர் இருந்தது மூன்றே வருடம் போல. 1929 ஜூனில் இறந்துபோனார். அதே வருடம் அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்து ஜானின் சொத்தும் கரையத் தொடங்கியது. அந்த நிலையிலும் அருங்காட்சியகத்தைக் கட்டி முடித்து 1931-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார். 1936-இல் அவர் இறந்தபோது வங்கிக் கணக்கில் இருந்தது 311 டாலர் என்று சொல்வார்கள். வீடு, ஓவியம் எல்லாவற்றையும் ஃப்ளோரிடா மாநிலத்துக்கு எழுதிவைத்திருந்தார். கடன்காரர்களோடும் வழக்குகளோடும் மல்லுக்கட்டி மாநிலம் அதைக் கையில் வாங்க 1946 ஆகிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் வீடும் ஓவியங்களும் ஒரே கதையாகத் தெரியும்.

1. நாளை முடிவு செய்யுங்கள்

திங்கட்கிழமைகளில் ஓவிய அருங்காட்சியகத்துக்கு நுழைவு இலவசம். கேட்டவுடன் எல்லோரும் திங்கட்கிழமை என்றுதான் முடிவு செய்வார்கள், அதனாலேயே அன்று கூட்டமும் அதிகம். மாளிகைக்கு அந்தச் சலுகை கிடையாது, அதற்குத் தனியாகக் காசு கொடுத்தாக வேண்டும். ஓவியம் மட்டும் போதும் என்றால் திங்கள் அருமையான நாள். இரண்டையும் நிதானமாகப் பார்க்க நினைத்தால் செவ்வாய் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள் போங்கள்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வடக்கே குளிருக்குப் பயந்து வருகிறவர்களால் ஊரே நிரம்பியிருக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். மாளிகை தண்ணீரின் விளிம்பிலேயே இருப்பதால், புயல் வந்த வருடங்களில் கடற்பக்க மேடையையோ மாளிகையின் ஒரு பகுதியையோ மூடிவைக்கக்கூடும். கிளம்புவதற்கு முந்தைய நாள் அவர்கள் இணையதளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

2. டிக்கெட்டை இப்படி எடுங்கள்

பொது டிக்கெட்டில் ஓவிய அருங்காட்சியகம், சர்க்கஸ் அருங்காட்சியகம், தோட்டம் எல்லாம் அடங்கிவிடும். மாளிகை டிக்கெட் அதற்கு மேல். அதிலும் இரண்டு விதம்: தரைத்தளத்தை மட்டும் நீங்களாகச் சுற்றிப் பார்ப்பது ஒன்று, வழிகாட்டியோடு மாடிக்கும் போவது இன்னொன்று. கொஞ்சம் கூடச் செலவானாலும் வழிகாட்டியோடு போவதைத்தான் எடுக்கச் சொல்வேன். படுக்கையறைகளும் குளியலறைகளும் மாடியில்தான் இருக்கின்றன, அங்கே போனால்தான் இது ஆட்கள் வாழ்ந்த வீடு என்கிற எண்ணமே வரும். இடம் குறைவாகத்தான் கொடுப்பார்கள், ஆகவே முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள்.

நேரம் கேட்டால் மதியம் இரண்டு மணிவாக்கில் எடுங்கள். பெரும்பாலானவர்கள் வாசலில் நுழைந்ததும் நேராக மாளிகைக்குப் போகிறார்கள், நான் சொல்வது அதற்கு நேர் எதிர். காலையில் கால் தெம்பாக இருக்கும்போது ஓவியம், மதியத்துக்கு மேல் மாளிகை. மாளிகையின் முகம் மேற்கே தண்ணீரைப் பார்த்து இருக்கிறது. அந்தப் பக்கத்து ஜன்னல்களில் பல நிறக் கண்ணாடி, வெயில் மேற்கே சாய்ந்தால்தான் அதற்கு உயிர் வரும். கோடையில் போகிறவர்கள் மட்டும் இதை மாற்றிக்கொள்ளலாம். அந்த மாதங்களில் மதியத்துக்கு மேல் இடியும் மழையும் வழக்கம், வெயிலை நம்ப முடியாது.

3. காலை 10 மணி: முதலில் ரூபன்ஸ்

கார் நிறுத்தக் காசு கிடையாது. உள்ளே போனதும் ரோஜா நிறத்தில் மூன்று பக்கமும் சூழ்ந்த நீளக் கட்டடம், நடுவில் முற்றம். முற்றத்தில் மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலையின் வெண்கலப் பிரதி நிற்கும். அதோடு படம் எடுப்பதைத் தள்ளிப்போட்டுவிட்டு, முதல் கூடத்துக்குள் போய்விடுங்கள்.

அங்கே இருப்பவை பீட்டர் பால் ரூபன்ஸ் 1625 வாக்கில் உருவாக்கிய வரிசையைச் சேர்ந்த பிரம்மாண்டமான ஓவியங்கள். நாலு மீட்டருக்கும் மேல் உயரம். இந்தக் கூடத்தின் கூரையை இவ்வளவு உயர்த்திக் கட்டியதே இவற்றுக்காகத்தான். ஸ்பெயின் அரச குடும்பத்து இசபெல்லா கிளாரா யூஜெனியா, மாட்ரிட்டில் ஒரு கன்னியர் மடத்துக்கு, சுவரில் தொங்கவிடும் காட்சிகள் கொண்ட திரைச்சீலைகள் நெய்து கொடுக்க விரும்பி ரூபன்ஸிடம் கேட்டார். நெசவாளிகள் பார்த்து நெய்வதற்காக முழு அளவில் வரைந்து கொடுத்த மாதிரிகள்தான் இவை.

இங்கே பத்து நிமிடமாவது நில்லுங்கள். இரண்டு விஷயங்களைத் தேடிப் பாருங்கள். ஒன்று, ஓவியத்தின் மேல் ஓரம். சின்னச் சின்னக் குழந்தை தேவதைகள் ஒரு துணியைப் பிடித்துத் தூண்களுக்கு நடுவே தொங்கவிடுகிற மாதிரி தெரியும். அதாவது நாம் பார்க்கும் காட்சியே ஒரு திரைச்சீலையில் இருப்பதாக வரைந்திருக்கிறார், திரைச்சீலைக்குள் இன்னொரு திரைச்சீலை. துணியின் விளிம்பு சுருண்டு மடிவதைக் கூட விடவில்லை. இரண்டாவது, இடம் வலம். பின்பக்கத்திலிருந்து நெய்யும் தறியில் மாதிரி இடம் வலமாகத் திரும்பிவிடும் என்பதால், ரூபன்ஸ் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவதுபோல மாற்றியே வரைந்து கொடுத்தார். யார் எந்தக் கையை நீட்டுகிறார்கள், கதை எந்தப் பக்கம் நோக்கி நகர்கிறது என்று பாருங்கள், படம் வேறு மாதிரி புரியத் தொடங்கும்.

4. மீதிக் கூடங்களில் எதைப் பார்ப்பது, எதை விடுவது

மொத்தம் 21 கூடங்கள் என்று வைத்துக் கட்டிய இடம், பிறகு வேறு பகுதிகளும் சேர்ந்திருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொள்ளாதீர்கள். கூடத்துக்கு ஒரு படம் போதும். உள்ளே நுழைந்ததும் நடுவில் நின்று ஒரு சுற்றுப் பார்த்து, கண் எதில் நிற்கிறதோ அதனிடம் போங்கள், மற்றதை விட்டுவிடுங்கள்.

ஆனால் இரண்டை மட்டும் கேட்டுத் தேடிப் பார்த்துவிடுங்கள். வெலாஸ்கஸ் வரைந்த ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பின் முழு உருவம் ஒன்று. இன்னொன்று பியரோ டி கோசிமோ மரப்பலகையில் வரைந்தது, ஓர் அரண்மனை எழும்பும் காட்சி. தூரத்தில் கட்டடம் இரண்டு பக்கமும் அச்சுப் பிசகாமல் நிற்கிறது, முன்னால் ஒரே வேலைக்களம். ஒருவர் மரம் அறுக்கிறார், ஒருவர் கல் செதுக்குகிறார், வண்டியில் சாமான் வந்து இறங்குகிறது. அரண்மனையைவிட அதைக் கட்டும் கைகளைத்தான் ஓவியர் ஆசையாகப் பார்த்திருக்கிறார். மதியம் மாளிகைக்குப் போகப்போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுரை கிடைக்காது.

படம் எடுக்கலாம், ஃபிளாஷ் மட்டும் கூடாது. பெரிய பையோடு போனால் உள்ளே சிரமம், காரிலேயே வைத்துவிடுங்கள்.

5. சாப்பிட்டுவிட்டு ஆலமரத்தடி வழியாக நடங்கள்

வளாகத்துக்குள்ளேயே சாப்பாட்டுக்கு இடம் இருக்கிறது. அதன்பின் மாளிகைக்குப் போகும் வழியில் பெரிய பெரிய ஆலமரங்கள் விழுது ஊன்றிப் படர்ந்திருக்கும், நம் ஊர் ஆலமரமேதான். நடக்க முடியாதவர்களுக்கு வளாகத்துக்குள் சின்ன வண்டி ஓடுகிறது. மேபலின் ரோஜாத் தோட்டமும் இந்தப் பக்கம்தான். மாளிகைக்கும் முந்தியது அது, 1913-இல் போட்டது. ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

6. மாளிகை

நுழைந்ததும் வரும் நடுக்கூடத்தில் கறுப்பு வெள்ளைப் பளிங்குத் தரை. தலையை உயர்த்தினால் சைப்ரஸ் மரத்தில் செய்து வண்ணம் தீட்டிய கூரை, அதன் நடுவே நியூயார்க்கின் பழைய வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலிலிருந்து வந்த படிகச் சரவிளக்கு. எல்லோரும் விளக்கையே பார்ப்பார்கள். நீங்கள் மேற்குப் பக்கக் கண்ணாடிக் கதவுகளுக்குப் போங்கள். வெயில் இருந்தால் கண்ணாடியின் நிறங்கள் உள்ளே தரையில் விழுந்திருக்கும், அதே கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெளியே தண்ணீர் ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு நிறமாகத் தெரியும். ஆட்கள் கடந்து போகும்வரை கொஞ்சம் பொறுத்திருந்து பாருங்கள்.

நடன அறையின் கூரையில் பல நாட்டு ஆட்டக்காரர்களை வில்லி பொகானி வரைந்திருக்கிறார், கழுத்து வலித்தாலும் ஒவ்வொரு கட்டமாகப் பார்க்கலாம். அப்புறம் மது அறை. வீடு கட்டிய காலத்தில் அமெரிக்காவில் மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருந்தது, ஜானோ செயின்ட் லூயிஸில் ஓர் உணவகத்தின் மது மேடையை முழுசாக வாங்கிக் கொண்டுவந்து வீட்டுக்குள் வைத்துக்கொண்டார். மாடியில் ஜானின் குளியலறையைத் தவறவிடாதீர்கள், தொட்டி இத்தாலியின் சியானா ஊர் மஞ்சள் பளிங்கில் குடைந்தது.

உள்ளே முடிந்ததும் பின்பக்க மேடைக்கு வாருங்கள், திறந்திருந்தால். இங்கிருந்து மாளிகையைத் திரும்பிப் பார்ப்பதுதான் சரியான பார்வை, ஏனென்றால் தண்ணீரிலிருந்து பார்ப்பவர்களுக்காக அலங்கரித்த வீடு இது. மேபல் இங்கே வெனிஸ் படகு ஒன்றைக் கட்டிவைத்திருந்தார். சுடுமண் அலங்காரங்களில் நீலமும் மஞ்சளும் பச்சையும் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். கூரை ஓடுகள் ஸ்பெயினின் பார்சிலோனாப் பக்கத்துப் பழைய கட்டடங்களிலிருந்து கப்பலில் வந்தவை.

7. நேரம் மிஞ்சினால்

குழந்தைகளோடு போயிருந்தால் சர்க்கஸ் அருங்காட்சியகம் கட்டாயம். ஹோவர்ட் டிப்பல்ஸ் என்பவர் வாழ்நாளெல்லாம் உட்கார்ந்து செய்த சின்ன அளவுச் சர்க்கஸ் ஊர் ஒன்று 3,800 சதுர அடியில் விரிந்திருக்கிறது. கூடாரம், ரயில், யானை, சாப்பாட்டுப் பந்தியில் தட்டுகள் வரைக்கும் செய்துவைத்திருக்கிறார். ரிங்ளிங் பெயரைப் போட அந்தக் கம்பெனி அனுமதிக்காததால் தன் பெயரையே வைத்து ஹோவர்ட் பிரதர்ஸ் சர்க்கஸ் என்று ஆக்கிவிட்டார். பெரியவர்கள் மட்டும் என்றால் அருங்காட்சியகத்துக்கே திரும்பி, ஜேம்ஸ் டர்ரல் அமைத்த வான்வெளி முற்றத்தில் உட்காருங்கள். மேலே சதுரமாக வெட்டிய திறப்பு வழியே வானம் மட்டும் தெரியும். அந்தி நேர ஒளிக்காட்சி சில நாட்களில்தான், அதற்குத் தனி டிக்கெட்.

இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: மாளிகையின் தரைத்தளம், ரூபன்ஸ் கூடம், பியரோவின் அரண்மனைப் பலகை, இந்த மூன்று மட்டும். மாளிகை டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை ஒட்டி மற்ற இரண்டையும் முன்னேயோ பின்னேயோ வைத்துக்கொள்ளுங்கள். மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள், அதனால் மூன்று மணிக்குப் பிறகு போய்ச் சேர்வதாக இருந்தால் அன்றைக்கு ஓவியத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மாளிகையை மறுநாளைக்கு மாற்றிவிடுங்கள்.