ரொறன்ரோவில் இருந்துகொண்டு சொசுவாவில் ஒரு சின்ன வீடு வாங்குவது எப்படி?

பனிக்காலத்தில் ஒரு கிழமை டொமினிக்கன் குடியரசுக்குப் போய் வருவது ரொறன்ரோவில் பல தமிழ்க் குடும்பங்களுக்கு இப்போது வழக்கமாகிவிட்டது. இரண்டு மூன்று தடவை போனதும் வீட்டில் யாராவது கேட்பார்கள்: "வருசா வருசம் ஹோட்டலுக்குக் கொடுக்கிற காசுக்கு இங்கேயே ஒரு சின்ன வீடு வாங்கினால் என்ன?" எங்கள் வீட்டில் அதைக் கேட்டது என் மாமியார். கேட்டு ஒன்றரை வருடத்துக்குள் அந்த நாட்டின் வடகரையில், சொசுவா என்ற ஊரில், ஒரு படுக்கையறை கொண்ட தொடர்மாடி வீடு எங்கள் பெயரில் பதிவானது. வீடு பார்க்க ஒரே ஒரு தடவை போனோம். மற்ற வேலை எல்லாம் ஸ்காபரோவில் எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்தது.

முதல் தடவை வாங்குகிறவர்களுக்காக, செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசை முக்கியம். காகிதம் முன்னால் போக வேண்டும், காசு அதன் பின்னால் வர வேண்டும். வெகு தூரத்திலிருந்து வாங்குகிறவருக்கு வேறு பாதுகாப்பு கிடையாது.

1. முதலில் ஊர்

வெளிநாட்டவர் அங்கே காணி வாங்க ஒரு காலத்தில் அரச அனுமதி தேவைப்பட்டது. 1998-இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. இப்போது கடவுச்சீட்டு போதும், வதிவிட உரிமை வேண்டியதில்லை.

எல்லாருக்கும் தெரிந்த பெயர் கிழக்கில் உள்ள பூந்தா கானா. விமானங்கள் அதிகம், புதிய கட்டடங்கள் அதிகம், விலையும் அதிகம். 2011-இலிருந்து அந்தக் கரையில் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி சில மாதங்களில் குவியல் குவியலாக ஒதுங்குகிறது, அழுகினால் நாற்றம் தாங்காது. வடகரையில் அந்தத் தொல்லை குறைவு. அங்கே புவேர்ட்டோ பிளாட்டா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சொசுவா, அதற்கு அடுத்து கபரேத்தே. கபரேத்தேயில் காற்று பலம், பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிறவர்களின் ஊர் அது. சமனா குடாநாட்டில் உள்ள லாஸ் தெர்ரேனாஸ் அழகானது, ஆனால் மலிவான இடம் என்று சொல்ல மாட்டேன்.

நாங்கள் சொசுவாவைத் தெரிவு செய்ததற்கு விலையும் விமான நிலையமும் காரணம். அந்த ஊரின் கதை பிறகுதான் தெரியவந்தது. 1940-இல் நாசிகளிடமிருந்து தப்பி வந்த யூத அகதிகளுக்கு அங்கே காணி கொடுத்துக் குடியேற்றினார்கள். அவர்கள் பால்பண்ணை வைத்துப் பிழைத்தார்கள். சொசுவா என்ற பெயரில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் அந்த நாடு முழுக்கப் பேர் பெற்றன. ஊரை விட்டு ஓடி வந்தவர்களின் பிள்ளைகளான எங்களுக்கு அதைக் கேட்டதும் அந்த ஊர் இன்னும் கொஞ்சம் நெருக்கமானது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொசுவாவின் நடுப்பகுதியில் இரவு விடுதித் தெருக்கள் உண்டு. குடும்பத்தோடு தங்க வீடு தேடுகிறவர்கள் அந்தத் தெருவைப் பகலில் மட்டுமல்லாமல் இரவு பத்து மணிக்கும் நடந்து பார்க்க வேண்டும்.

2. முழுச் செலவையும் எழுதிப் பாருங்கள்

விலைகள் பெரும்பாலும் அமெரிக்க டொலரில் பேசப்படும். வடகரையில் ஒரு லட்சம் டொலருக்குள் சிறிய தொடர்மாடி வீடுகள் கிடைக்கின்றன. கனடா டொலரில் எண்ணிப் பழகியவர்கள் இங்கேதான் முதல் பிழை விடுவார்கள்.

90,000 டொலர் வீடு என்று வைத்துக்கொள்வோம். உரிமை மாற்ற வரி 3 வீதம், அதாவது 2,700. வரித் திணைக்களம் தன் கணக்கில் வீட்டுக்குக் கூடுதல் மதிப்பு வைத்திருந்தால் அந்த மதிப்புக்கே 3 வீதம். சட்டத்தரணிக்கு ஒன்று முதல் ஒன்றரை வீதம். அப்புறம் நொத்தாரிசு, மொழிபெயர்ப்பு, கூரியர். 95,000 இல்லாமல் இறங்க வேண்டாம், தளபாடம் அதற்கு மேல்.

வருடாந்தச் சொத்து வரி 1 வீதம்தான். அதுவும் உங்களுக்கு அங்கே உள்ள சொத்துகளின் மொத்த மதிப்பு அந்த நாட்டு நாணயத்தில் ஏறக்குறைய ஒரு கோடி பேசோவைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும். சின்ன வீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் வராது. புதிய கட்டடம் விற்பவர்கள் கொன்ஃபொதூர் என்று ஒன்றைச் சொல்வார்கள். அது 158-01 என்ற எண்ணுள்ள 2001-ஆம் ஆண்டுச் சுற்றுலா ஊக்குவிப்புச் சட்டப்படி அங்கீகாரம் தரும் சபை. அதன் அங்கீகாரம் பெற்ற திட்டத்தில் வாங்கினால் அந்த 3 வீதமும் கிடையாது, 15 வருடம் வரை சொத்து வரியும் கிடையாது. வாயால் சொல்வதை நம்பாமல் அங்கீகாரத் தீர்மானத்தின் பிரதியைக் கேளுங்கள். ஏற்கெனவே ஒருவர் வாங்கிய வீட்டை அவரிடமிருந்து வாங்கினால் அந்தச் சலுகை உங்களுக்கும் தொடருமா என்று சட்டத்தரணியிடம் எழுத்தில் கேளுங்கள்.

மாதாமாதம் கட்ட வேண்டிய பராமரிப்புப் பணத்தை மறக்க வேண்டாம். நீச்சல் குளம், காவலாளி, ஜெனரேட்டர் எல்லாம் அதற்குள்தான். காசைப் பொறுத்தவரை என் அபிப்பிராயம் ஒன்று: குடியிருக்கும் வீட்டின் மேல் கடன் எடுத்து விடுமுறை வீடு வாங்காதீர்கள். இங்கே வட்டி ஏறினால் இரண்டு வீடும் ஆடும்.

3. உங்களுக்கென்று ஒரு சட்டத்தரணி

முகவருக்குக் கூலி கொடுப்பது வழக்கமாக விற்பவர்தான். அந்த முகவர் அறிமுகப்படுத்தும் சட்டத்தரணி நல்லவராகவே இருக்கலாம், ஆனாலும் வேறொருவரைப் பிடியுங்கள். அங்கே நொத்தாரிசும் சட்டத்தரணிதான். ஆனால் அவர் வேலை கையெழுத்தை உறுதிப்படுத்துவது, உங்களுக்காக வாதாடுவது அல்ல. இருவரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மூன்று பேரிடம் சூமில் பேசி, "இந்த வீட்டை வாங்க வேண்டாம் என்று கடைசியாக எப்போது ஒருவரிடம் சொன்னீர்கள்?" என்று கேட்டேன். உடனே விபரமாகப் பதில் சொன்னவரைப் பிடித்தோம்.

4. உறுதி: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

யாழ்ப்பாணத்தில் காணி வாங்கும்போது பழைய உறுதிகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்து, தோம்பு என்ற பழைய காணிப் பதிவேட்டைத் தேடி, யார் யாருக்கு எழுதினார் என்று பார்ப்போம். டொமினிக்கன் குடியரசில் முறை வேறு. 1920-இலிருந்து டொரன்ஸ் முறைப் பதிவு நடைமுறையில் இருக்கிறது, இப்போது அதை ஆள்வது 2005-இன் 108-05 சட்டம். பதிவேட்டில் யார் பெயரோ அவர்தான் சொந்தக்காரர். ஆகவே இன்றைய தேதியில் பதிவேடு என்ன சொல்கிறது என்பது ஒன்றே கேள்வி.

அந்தப் பதிலைத் தருவது சொத்தின் சட்ட நிலைச் சான்றிதழ். ஸ்பானிய மொழியில் 'செர்த்திஃபிகசியோன் தெல் எஸ்தாதோ ஹூரிதிகோ' என்பார்கள். உரிமையாளர் யார், அடமானம் உண்டா, வழக்கு உண்டா, தடையுத்தரவு உண்டா எல்லாம் அதில் இருக்கும். விற்பவர் வட்ஸ்அப்பில் அனுப்பும் உறுதிப் பிரதி இதற்கு ஈடாகாது. அந்த உறுதி எடுத்த பிறகு அவர் வங்கியில் அடமானம் வைத்திருக்கலாம். உங்கள் சட்டத்தரணி, உங்களுக்காக, புதிதாக எடுத்த சான்றிதழ் வேண்டும்.

அடுத்து 'தெஸ்லிந்தே' என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பெரிய காணியிலிருந்து உங்கள் துண்டை நில அளவையாளர் அளந்து, எல்லை குறித்து, தனிப் பதிவாக்கும் வேலை அது. அது நடக்காத சொத்துக்கு 'கொன்ஸ்தான்சியா அனொத்தாதா' என்ற குறிப்புத்தான் இருக்கும். பெரிய காணியில் இத்தனை சதுர மீற்றர் உங்களுக்கு உண்டு என்று அது சொல்லும், எந்த மூலையில் என்று சொல்லாது.

நாங்கள் முதலில் விரும்பிய வீடு அப்படிப்பட்டது. பல்கனியில் நின்றால் கடல். "இன்று மாலைக்குள் 5,000 டொலர் அனுப்பினால் வேறு யாருக்கும் காட்டமாட்டேன்" என்று முகவர் சொன்னார். மனைவி ஆசைப்பட்டாள், நானும் வங்கிச் செயலியைத் திறந்துவிட்டேன். சட்டத்தரணி நான்கு நாள் பொறுக்கச் சொன்னார். சான்றிதழ் வந்தது: தெஸ்லிந்தே இல்லை, மேலே ஓர் அடமானமும் இருந்தது. அந்த நான்கு நாள்தான் எங்கள் காசைக் காப்பாற்றியது.

தொடர்மாடி என்றால் கட்டடம் தொடர்மாடிச் சட்டத்தின் கீழ் பதிவாகி, உங்கள் வீட்டுக்கென்று தனிப் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'மத்ரிகுலா' என்பார்கள். பராமரிப்புப் பணம், மின்சாரம், தண்ணீர் பாக்கி இல்லை என்ற கடிதங்களையும் கேளுங்கள். கடற்கரையோரக் காணி என்றால் இன்னொரு விடயம்: 1968-இன் 305-ஆம் சட்டப்படி கரையிலிருந்து 60 மீற்றர் பொதுச் சொத்து. மணலில் கால் வைத்தபடி வீடு என்று விளம்பரம் வந்தால் அளவு நாடா எங்கே தொடங்குகிறது என்று கேளுங்கள்.

5. தூரத்திலிருந்து வீட்டைப் பார்ப்பது

முகவர் எடுக்கும் வீடியோவில் கடல் மட்டும்தான் இருக்கும். ஒரு பொறியியலாளரைக் கூலிக்குப் பிடித்து, நீங்கள் சொல்கிறபடி நேரலையில் காட்டச் சொல்லுங்கள். பிரதான மின் ஆளியை அணைக்கச் சொல்லுங்கள். அங்கே மின்வெட்டு சாதாரணம். இன்வேர்ட்டர் மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று அப்போது தெரியும். மேல்மாடிக் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். தண்ணீர்த் தாங்கி எவ்வளவு பெரிது, பம்பி வேலை செய்கிறதா என்று பாருங்கள். பல்கனியின் அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். கொங்கிரீட்டில் துருக் கறையோ வெடிப்போ தெரிந்தால் உப்புக் காற்று உள்ளே உள்ள கம்பியைத் தின்னத் தொடங்கிவிட்டது. மழை பெய்த மறுநாள் பார்ப்பது மிக நல்லது. 2003-இல் புவேர்ட்டோ பிளாட்டாவைப் பெரிய நிலநடுக்கம் தாக்கியது. அதற்கு முன் கட்டியதா, பின் கட்டியதா என்றும் கேளுங்கள்.

6. ஒப்பந்தமும் முற்பணமும்

'ப்ரொமேசா தே வெந்தா' என்பது விற்பனை வாக்குறுதி ஒப்பந்தம். வழக்கமாக 10 வீதம் முற்பணம். பதிவில் குறை இருந்தால் முழு முற்பணமும் திரும்ப வேண்டும் என்ற வரி அதில் இருக்கட்டும். ஏசி, குளிர்சாதனப் பெட்டி, கட்டில் என்று வீட்டோடு வருகிற எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள். நீதிமன்றத்தில் செல்லுபடியாவது ஸ்பானியப் பிரதிதான். ஆங்கிலப் பிரதியைப் படித்துத் திருப்திப்பட்டு நின்றுவிடாதீர்கள்.

இன்னும் கட்டி முடிக்காத வீடு விலை குறைவு, ஆபத்து அதிகம். 2011-இன் 189-11 சட்டப்படி 'ஃபிதெய்கொமீசோ' என்ற நம்பிக்கைப் பொறுப்பு அமைப்பின் கீழ் திட்டம் நடந்தால் காசு கட்டுநரின் சொந்தக் கணக்குக்குப் போகாது. அது இல்லாத திட்டத்தில் முதல் தடவை வாங்குகிறவர் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காசை வங்கி மூலமே அனுப்புங்கள். பெருந்தொகையைக் கையில் கொடுப்பதை 2017-இன் சட்டம் தடுக்கிறது. கணக்கு எண் மின்னஞ்சலில் வந்தால், ஏற்கெனவே உங்களிடம் உள்ள தொலைபேசி எண்ணில் சட்டத்தரணியை அழைத்து ஒவ்வொரு இலக்கமாக வாசித்துச் சரிபாருங்கள். திருடர்கள் இடையில் புகுந்து கணக்கு எண்ணை மாற்றி அனுப்புவது எந்த நாட்டிலும் நடக்கிறது.

7. அற்றோர்னித் தத்துவமும் நம் பெயர்களும்

நேரில் போகாமல் கையெழுத்திட, சட்டத்தரணிக்கு அற்றோர்னித் தத்துவம் கொடுக்க வேண்டும். இந்த வீட்டை, இந்த விலைக்கு வாங்க மட்டும் என்று எழுதுங்கள். இங்கே நொத்தாரிசு முன் கையெழுத்திட்டு, ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்கான அப்போஸ்டில் முத்திரை பெற வேண்டும். 2024 ஜனவரி 11-இலிருந்து கனடாவும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால் ஒன்டாரியோ அரசே முத்திரையைத் தருகிறது, தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை. பிறகு அங்கே ஸ்பானிய மொழிபெயர்ப்பு.

நம்மவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் பெயர். ஸ்பானியப் படிவங்கள் தந்தை வழிக் குடும்பப் பெயர், தாய் வழிக் குடும்பப் பெயர் என்று இரண்டு கேட்கும். நமக்கு அப்பாவின் பெயரே குடும்பப் பெயர். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு இன்னொன்று, சாரதி உரிமத்தில் வேறொரு வரிசை. எல்லாக் காகிதத்திலும் கடவுச்சீட்டில் உள்ளது போலவே, அதே வரிசையில் எழுதுங்கள். திருமண நிலையும் ஒப்பந்தத்தில் வரும், ஆகவே திருமணச் சான்றிதழிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். பின்னாளில் பிள்ளைகளுக்கு மாற்றும்போது ஓர் எழுத்து வித்தியாசம் பெரிய வேலை வைக்கும்.

8. வரி, பதிவு, அதன் பிறகு

விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்து 6 மாதத்துக்குள் 3 வீத வரியைக் கட்ட வேண்டும். பிந்தினால் அபராதம். பிறகு பதிவகத்தில் கொடுத்து, உங்கள் பெயரில் புதிய சான்றிதழ் வரும்வரை பொறுக்க வேண்டும்.

ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். காப்புறுதி எடுக்கும்போது நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு எதன் வீதம் என்று கேளுங்கள். புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் அது பல ஒப்பந்தங்களில் சேதத்தின் வீதமாக இருக்காது, முழுக் காப்புறுதித் தொகையின் வீதமாக இருக்கும். வீட்டை வாடகைக்கு விட்டால் அந்த வருமானத்தைக் கனடாவிலும் காட்ட வேண்டும். வெளிநாட்டுச் சொத்துகளுக்குக் கொடுத்த விலை ஒரு லட்சம் கனடா டொலரைத் தாண்டினால் அவற்றைக் கனடா வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கும் டி1135 படிவமும் உண்டு. நீங்கள் மட்டும் தங்குகிற வீடு அந்தக் கணக்கில் சேராது.

சான்றிதழின் ஸ்கேன் பிரதி வந்ததும் கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். எங்களுடையதில் மனைவியின் பெயரில் ஒரு எச் குறைந்திருந்தது. அது மொழிபெயர்ப்பில் விடுபட்ட எழுத்து. அன்றே சட்டத்தரணிக்கு எழுதினோம், எழுத்துப் பிழை திருத்த மனு போட்டார். திருத்திய சான்றிதழ் கூரியரில் ஸ்காபரோவுக்கு வந்த நாளில் நாங்கள் இருவரும் வேலையில் இருந்தோம். கையெழுத்திட்டு வாங்கி வைத்தது என் மாமியார்.