பூர்வகுடி உறவு நூலகர்: பல்கலைக்கழகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015-இல் 94 செயல் அழைப்புகளை வெளியிட்டது. குடும்பத்திடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு நேர்ந்த கொடுமைகளை விசாரித்த குழு அது. அதைத் தொடர்ந்து 2017-இல் கனடிய நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு, நூலகங்கள் தம் பங்குக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஓர் அறிக்கை தந்தது. பூர்வகுடி மக்களுடனான உறவைக் கவனிப்பதற்கென்றே ஒரு நூலகர் வேண்டும் என்ற விளம்பரங்களை இப்போது பல்கலைக்கழகங்களில் சாதாரணமாகப் பார்க்கலாம். ஆள் வந்து சேர்ந்துவிடுகிறார். அவர் எதற்காக வந்திருக்கிறார் என்பதுதான் பல இடங்களில் பக்கத்து மேசைக்காரருக்கே தெரிவதில்லை.

அவர் மாணவர்களின் ஆய்வுக்கு வழிகாட்டுகிறார், பூர்வகுடி எழுத்தாளர்களின் நூல்களைத் தேடி வாங்குகிறார், நூற்பட்டியலைத் திருத்துகிறார், குடும்பத்தின் பழைய ஆவணங்களைத் தேடி வருபவர்களுக்குத் துணை நிற்கிறார். சம்பளம் தருவது பல்கலைக்கழகம். ஆனால் கனடாவின் மூன்று பூர்வகுடிப் பிரிவுகளான முதற்குடிகள், இனூயிட், மேட்டி ஆகிய சமூகங்களுக்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும். இந்த இரண்டாவது கடமையை மறப்பதிலிருந்துதான் கீழே சொல்லும் தவறுகள் எல்லாமே பிறக்கின்றன.

எல்லாவற்றையும் இணையத்தில் திறந்துவிடுவது

நூலகத் துறையில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் ஏறாது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளைத்தான் நம் ஊர் நூலகவியல் மாணவர்கள் முதலில் படிக்கிறார்கள். நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். நான் மதிக்கும் விதிகள் அவை. ஆனால் கட்டாயத்தின் நிழலில் சேர்க்கப்பட்ட பொருளுக்கு அவற்றை அப்படியே பொருத்தினால் பறித்தவனின் வேலையை நாமே முடித்துக்கொடுத்ததாக ஆகிவிடும்.

பசிபிக் கரையோர மக்கள் பரிசுகளை வாரி வழங்கிக் கொண்டாடும் பொட்லாட்ச் விழா 1885 முதல் 1951 வரை கனடாவில் சட்டப்படி குற்றம். அதே காலத்தில் மானிடவியலாளர்கள் ஊர் ஊராகப் போய் அந்த மக்களின் பாடல்களையும் கதைகளையும் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் கரையில் பல பாடல்கள் குறிப்பிட்ட குடும்பத்துக்கோ குலத்துக்கோ உரியவை. பாடும் உரிமை நிலம்போல வழிவழியாக வருவது. க்ரீ, அனிஷினாபே மக்களிடையே சில கதைகளைத் தரையில் பனி இருக்கும் மாதங்களில் மட்டுமே சொல்வார்கள்.

இப்போது ஒரு பல்கலைக்கழகத்தின் நிலவறையில் ஒலிநாடாப் பெட்டி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அட்டையில் ஆசிரியர் என்ற இடத்தில் பதிவு செய்த பேராசிரியரின் பெயர். பாடியவர் பெயரே இல்லை. 'தகவலாளி, பெண், முதியவர்' என்று மட்டும் இருக்கிறது. எண்மமாக்க நிதி கிடைத்திருக்கிறது. மார்ச் 31-க்குள் செலவழிக்க வேண்டும். எல்லாரும் அவசரப்படுகிறார்கள். அங்கே 'பொறுங்கள்' என்று சொல்ல வேண்டியவர் இந்த நூலகர். நம்மிடம் என்ன இருக்கிறது என்ற பட்டியலை முதலில் அந்தச் சமூகத்துக்கு அனுப்ப வேண்டும். நாடாவின் பிரதியை அவர்கள் கையில் கொடுத்து, கேட்க அவகாசம் தர வேண்டும். பாடியவர் யாருடைய பாட்டி என்று அவர்கள் கண்டுபிடித்துவிடக்கூடும். அதன் பிறகு 'எல்லாரும் கேட்கலாம்' என்றும் சொல்லலாம், 'எங்கள் ஊருக்குள் மட்டும்' என்றும் சொல்லலாம், 'திருப்பித் தாருங்கள்' என்றும் சொல்லலாம். மூன்றுமே சரியான பதில்கள். இதற்கு ஓர் ஆண்டு பிடித்தால் பிடிக்கட்டும். அந்தக் காத்திருப்பைத் தாமதம் என்று ஆண்டறிக்கையில் எழுதும் நிர்வாகிக்கு இந்த வேலை பிடிபடவில்லை என்று பொருள்.

இப்படிச் சமூகத்தைக் கேட்டுச் செய்வது ஒருவருடைய தனிப்பட்ட விருப்பமும் அல்ல. உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் என்ற நான்கும் தம்மைப் பற்றிய தரவுகளின் மீது தமக்கே உண்டு என்று கனடாவின் முதற்குடிகள் 1998-இலேயே வகுத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் வருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான 'முகுர்ட்டு' என்ற மென்பொருளில், எந்தப் படத்தை யார் பார்க்கலாம் என்பதைச் சமூகமே தன் வழக்கப்படி தீர்மானிக்கலாம். வழி இல்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது.

பட்டியலில் ஒரு சொல்லை மாற்றிவிட்டு ஓய்வது

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பகுப்புமுறையில் வட அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் E99 என்ற எண்ணில், வரலாற்று அடுக்கில் வந்து நிற்கின்றன. அதற்குள்ளே அகரவரிசை. ஆகவே கனடாவின் பெரும்பரப்பில் வாழும் க்ரீ மக்களுக்குப் பக்கத்திலேயே அமெரிக்காவின் தென்கிழக்கைத் தாயகமாகக் கொண்ட க்ரீக் மக்கள் நிற்பார்கள். எழுத்து ஒற்றுமையைத் தவிர வேறு தொடர்பு இல்லை. 'வட அமெரிக்க இந்தியர்கள்' என்ற பொருள் தலைப்பை மாற்றியதும் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த அடுக்கின் முன்னால் ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கும் மக்களின் கலையும் கல்வியும் கவிதையும் கடந்தகாலமாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

மாற்று உண்டு. கானவாகே ஊரைச் சேர்ந்த மோஹாக் இன நூலகர் பிரையன் டியர் 1970-களில் பூர்வகுடிப் பார்வையில் ஒரு பகுப்புமுறையை உருவாக்கினார். அதில், நிலத்தில் பக்கத்துப் பக்கத்தில் வாழும் மக்கள் அலமாரியிலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹ்வேய்ஹ்வா நூலகம் அதன் ஒரு வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறது. எல்லா நூலகமும் நாளையே மாற முடியாது என்பது உண்மை. ஆனால் தன் வட்டாரத்து மக்கள் தங்களை எப்படி அழைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டுப் பட்டியலில் சேர்க்க எந்த நூலகத்துக்கும் தடை இல்லை.

மூத்தோரை விருந்தினர் பேச்சாளராக நடத்துவது

செப்டம்பர் 30, உறைவிடப் பள்ளிகளின் கொடுமையை நினைவுகூரும் தேசிய நாள். 20-ஆம் தேதி வாக்கில் நூலகருக்கு மின்னஞ்சல் வரும்: 'நிகழ்ச்சியைத் தொடங்கிவைக்க ஒரு மூத்தவர் வேண்டும், பத்து நிமிடம் போதும்.' மூத்தவர் என்றால் சமூகம் தன் மரபறிவின் காப்பாளராக மதிக்கும் பெரியவர்; ஆண்டு முழுவதும் எட்டிப் பார்க்காமல் அந்த வாரத்தில் மட்டும் அவரைக் கூப்பிடுவது மரியாதையே அல்ல. முன்கூட்டியே நேரில் போய்க் கேளுங்கள்.

பல முதற்குடிச் சமூகங்களில் வேண்டுகோளோடு புகையிலையைக் காணிக்கையாகத் தருவது மரபு. இனூயிட் மக்களிடம் அந்த வழக்கம் கிடையாது. அந்தந்த இடத்து முறையைக் கேட்டறிந்து செய்வதே சரி. சன்மானத்தை அன்றே கையில் தர வேண்டும். எண்பது வயதுப் பெரியவரிடம் விற்பனையாளர் பதிவுப் படிவத்தையும் சமூகக் காப்பீட்டு எண்ணையும் கேட்டு, இரண்டு மாதம் கழித்துக் காசோலை அனுப்பும் நிதிப் பிரிவை மாற்ற வேண்டியது நூலக இயக்குநரின் பொறுப்பு. அந்தச் சண்டையை நூலகரைத் தனியாகப் போடவிடாதீர்கள்.

பதிவேட்டைக் கொடுத்துவிட்டு நகர்வது

1,50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். பல பள்ளிகளில் அவர்களுக்குப் பெயருக்குப் பதிலாக எண் இருந்தது. தாத்தாவைத் தேடி வரும் பேத்தி அந்த எண்ணை ஒரு பக்கத்தில் பார்க்கிறார். இதை வழக்கமான ஆவணக் கோரிக்கையாக நடத்தி, 'ஐந்து மணிக்கு மூடிவிடுவோம்' என்று சொல்வது கொடுமை. கதவு மூடிய தனி அறை, உடன் உட்கார ஒருவர், அருகிலேயே மரபுப்படி சேஜ் மூலிகை இலையைப் புகையவிட்டு மனத்தைத் தேற்றிக்கொள்ள ஓர் இடம் ஆகியவை முன்பே ஆயத்தமாக இருக்க வேண்டும். புகை எச்சரிக்கை மணியை அணைக்கக் கட்டடப் பிரிவிடம் அப்போது போய் அனுமதி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. வின்னிபெக்கில் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் இருக்கும் உண்மை மற்றும் நல்லிணக்கத்துக்கான தேசிய மையத்தை எப்படி அணுகுவது என்பதும் அந்த மேசையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே தலையில் சுமத்துவது

இது யாருடைய நிலம் என்று ஏற்றுச் சொல்லும் நில ஒப்புகை வாசகம் எழுத, எல்லாக் குழுக்களிலும் உட்கார, சக ஊழியர்களுக்குப் பாடம் எடுக்க, அவர்களுடைய குற்றவுணர்வைக் கேட்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். அதுவும் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில். ஒரு சமூகத்தின் நம்பிக்கை கிடைக்கும் நேரத்தில் ஒப்பந்தம் முடிந்துவிடும். அடுத்து வருபவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். சமூகத்தார் எத்தனை புதுமுகங்களுக்குத்தான் தேநீர் ஊற்றுவார்கள்? பணி நிரந்தரமாக இருக்க வேண்டும். பயணத்துக்கும் சன்மானத்துக்கும் தனி நிதி வேண்டும். பட்டியலாக்கமும் கொள்முதலும் செய்பவர்கள் தங்கள் பங்கைத் தாங்களே செய்ய வேண்டும்.

மாணவர்களுக்கு

டொரன்டோ, ஸ்கார்பரோ பக்கம் நம் பிள்ளைகள் ஏராளமானோர் படிக்கிறார்கள். மிசிசாகா மக்களின் நிலம் அது. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய கட்டுரைக்காகப் புதன்கிழமை வந்து 'ஒரு மூத்தவரின் தொலைபேசி எண் கிடைக்குமா?' என்று இந்த நூலகரிடம் கேட்காதீர்கள். பூர்வகுடிகளே எழுதிய நூல்களும் கட்டுரைகளும் நிறைய இருக்கின்றன. அவற்றைக் கேளுங்கள், மகிழ்ச்சியோடு எடுத்துத் தருவார். வகுப்பில் ஒரு மூத்தவர் சொன்னதை எழுத விரும்பினால் அவருடைய அனுமதியைப் பெறுங்கள். அதை 'தனிப்பட்ட தொடர்பு' என்று அடைப்புக்குறிக்குள் ஒளித்துவிடாதீர்கள். நூலகர் லொரிசியா மெக்லவுட், எட்மன்டனின் நோர்க்வெஸ்ட் கல்லூரியோடு சேர்ந்து இதற்கென மேற்கோள் வடிவங்களை உருவாக்கி 2021-இல் அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். மூத்தவரின் பெயர், அவருடைய மக்களினம், அரசோடு செய்த உடன்படிக்கைக்கு உட்பட்ட நிலப்பகுதி, வாழும் ஊர், கற்பித்த பொருள், தேதி ஆகியவை அச்சு நூலைப் போலவே துணைநூற்பட்டியலில் இடம்பெறும். பேராசிரியர் வேறு பாணியைக் கேட்டால், இந்த வடிவத்தை ஏற்க முடியுமா என்று அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நூலகரும் உங்களுக்காகப் பேசுவார்.