அணுமின் நிலையம் ஏன் அங்கே, ஏன் இங்கே இல்லை: வரைபடத்தை வைத்து நீங்களே கணிக்கும் முறை

இந்திய வரைபடத்தை விரித்து, இயங்கும் அணுமின் நிலையங்களுக்கு ஒவ்வொரு புள்ளி வையுங்கள்: தாராப்பூர், ராவத்பாட்டா, கல்பாக்கம், நரோரா, காக்ராபார், கைகா, கூடங்குளம். ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர், மேற்கு வங்கம் பக்கம் ஒரு புள்ளிகூட விழாது. நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதி அது. 1,000 மெகாவாட் அனல்மின் நிலையம் முழுவீச்சில் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் இந்திய நிலக்கரி தின்னும். அதே அளவு அணுஉலைக்கு 25 டன் அளவிலான எரிபொருள் போதும். சுரங்க வாசலிலேயே அனல்நிலையம் கட்டிக்கொள்ளக்கூடிய ஊரில் அணுமின்சாரம் விலையில் நிற்காது. கரியை ரயிலில் பல நூறு கிலோமீட்டர் இழுத்துவர வேண்டிய ஊரில்தான் நிற்கும். ஆகவே முதல் வேலை, நீங்கள் பார்க்கும் இடத்துக்கும் மிக அருகிலுள்ள நிலக்கரி வயலுக்கும் இடையிலான தூரத்தை அளப்பது.

அடுத்து மின்தொகுப்பு, அதாவது மின்நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலை. ஒரு உலை திடீரென நின்றால் மொத்தத் தொகுப்பும் சரியக்கூடாது. அதனால் ஒற்றை உலையின் திறன், தொகுப்பின் திறனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. இலங்கையின் உச்சத் தேவை 3,000 மெகாவாட்டை ஒட்டியே இருப்பதால் அங்கே 1,000 மெகாவாட் உலை பொருந்தாது. வேறு எதுவும் தடுக்காவிட்டாலும் இது ஒன்றே தடுத்துவிடும்.

இனி தண்ணீர். பெரும்பாலான இடங்கள் கழன்றுவிழுவது இங்கேதான், எனவே இந்தக் கணக்கைப் பேனா எடுத்தே போடுங்கள். கூடங்குளம் வகை உலை 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்கி 1,000 மெகாவாட் மின்சாரம் தருகிறது. மிச்சம் 2,000 மெகாவாட் வெப்பத்தை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். உள்ளே எடுத்த கடல்நீரை 7 பாகை (டிகிரி செல்சியஸ்) வெப்பத்துக்கு மேல் சூடாக்கித் திருப்பி விடக்கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. ஒரு லிட்டர் 7 பாகை சூடேற ஏறத்தாழ 28 கிலோஜூல் வேண்டும். வகுத்துப் பார்த்தால் வினாடிக்கு 70,000 லிட்டர், அதாவது 2,500 கன அடி. கூடங்குளத்துக்குத் திட்டமிட்ட ஆறு உலைகளுக்கும் சேர்த்தால் 15,000 கன அடி. டெல்டா பாசனத்துக்கு மேட்டூரில் மதகு திறக்கிறார்களே, கிட்டத்தட்ட அந்த அளவு, ஆண்டு முழுக்க. தமிழ்நாட்டின் எந்த ஆறும் இதைத் தாங்காது. நம் இரண்டு நிலையங்களும் கடற்கரையில் இருப்பதன் காரணம் இந்த ஒற்றைக் கணக்கில் இருக்கிறது.

கடல் இல்லாத இடத்தில் குளிர்விப்புக் கோபுரம் கட்டித் தண்ணீரைச் சுழற்றுவார்கள். கங்கைக் கால்வாயை நம்பியிருக்கும் நரோரா அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் ஆவியாகிப் போவது போகும்: 1,000 மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 கோடி லிட்டர், உப்புச் சேராமலிருக்க வெளியேற்றும் நீர் தனி. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் பாலோ வெர்டே நிலையம், ஃபீனிக்ஸ் நகர வட்டாரத்தின் சுத்திகரித்த கழிவுநீரில் ஓடுகிறது. அருகில் பெரிய நகரம் இல்லாவிட்டால் அந்த வழியும் இல்லை.

இங்கே பலர் செய்யும் தவறு, ஆற்றின் ஆண்டுச் சராசரியை எடுத்துக்கொள்வது. எடுக்க வேண்டியது மிக வறண்ட மாதத்தின் அளவை. பிரான்சில் ரோன் ஆற்றங்கரை நிலையங்கள் வெப்ப அலை வரும் கோடையில் உற்பத்தியைக் குறைக்கின்றன, ஆறு ஏற்கெனவே சூடாகிவிடுவதால். உலையை நிறுத்திவிட்டாலும் தண்ணீர்த் தேவை தீராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 3,000 மெகாவாட் வெப்பமுள்ள உலை, நிறுத்தி ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட் அளவுக்குச் சூடு விட்டுக்கொண்டிருக்கும்.

நிலநடுக்கத்துக்கு நில அதிர்வு வரைபடம் பாருங்கள்; மண்டல எண் கூடக்கூட ஆபத்தும் கூடும். 2016 பதிப்பின்படி கூடங்குளம் 2ஆம் மண்டலம், கல்பாக்கம் 3, நரோரா 4. 5ஆம் மண்டலம் ஆரம்பத்திலேயே அடிபடும். இடத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அசையக்கூடிய நிலப்பிளவு இருந்தாலும் அப்படியே. கலிஃபோர்னியாவின் போடேகா பேயில் உலைக்குத் தோண்டிய குழியிலேயே பிளவு தென்பட்டது. 1964இல் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

கடலோரம் என்றால் அடுத்த கேள்வி உயரம். ஜப்பானின் புகுஷிமா டாய்ச்சி நிலையம் இருந்த மேட்டின் உயரம் 35 மீட்டர். கடினப் பாறையில் அடித்தளம் போடவும், தண்ணீரை மேலே ஏற்றும் செலவைக் குறைக்கவும் அதை வெட்டி 10 மீட்டர் உயரத்துக்குத் தாழ்த்தினார்கள். 2011இல் வந்த அலை 14, 15 மீட்டர். வெளி மின்சாரம் அறுந்தால் குளிர்விப்புப் பம்புகளை ஓட்டுவதற்காக நிலவறையில் வைத்திருந்த டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கின. அதே நிலநடுக்கத்தின் மையத்துக்கு இன்னும் அருகில் இருந்த ஓனகாவா நிலையம் 14.8 மீட்டரில் கட்டப்பட்டிருந்தது, தப்பியது. இதை ஒவ்வொரு கடலோர இடத்துக்கும் பொருத்திப் பார்க்கவே வேண்டும். 2004 சுனாமியில் கல்பாக்கத்தில் உலைக் கட்டடத்தைத் தண்ணீர் எட்டவில்லை, ஆனால் கடலிலிருந்து நீர் எடுக்கும் சுரங்கம் வழியாகப் புகுந்து பம்ப் கூடத்தை மூழ்கடித்தது. ஓடிக்கொண்டிருந்த 2ஆவது உலையை நிறுத்த வேண்டியதாயிற்று. எனவே கட்டடத்தின் உயரத்தோடு நிற்காமல், பம்ப், மின்பலகை, டீசல் ஜெனரேட்டர் ஒவ்வொன்றும் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஜெல்லிமீன் கூட்டம் வடிகட்டியை அடைத்து உலை நின்ற நிகழ்வும் உண்டு: ஸ்காட்லாந்தின் டோர்னஸ், 2011.

பாரம் கொண்டுவரும் வழியையும் பாருங்கள். 300 டன் எடையுள்ள ஒற்றைக் கலனைச் சாதாரணப் பாலங்கள் தாங்கா. கூடங்குளத்துக்கு அப்படிப்பட்ட கலன்கள் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து மிதவைப் படகில் வருகின்றன. அதிலும் சிக்கல் வரும்; 2023 செப்டம்பரில் நீராவி உற்பத்திக் கலன்களை ஏற்றிவந்த மிதவை, கரைக்கு அருகே பாறையில் தட்டி நின்றது.

கடைசியாக மக்கள். கடைசியில் சொல்வதால் இதைச் சிறியதாக எண்ண வேண்டாம். ஏட்டுக் கணக்கு அதிகம் ஏமாற்றுவது இங்கேதான். காம்பஸை எடுத்து 1.5, 5, 10, 16, 30 கிலோமீட்டரில் வட்டம் போடுங்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் 1990 விதிப்படி முதல் வட்டத்தில் குடியிருப்பே கூடாது (2014இல் இதை 1 கிலோமீட்டராகக் குறைத்தார்கள்). 5 கிலோமீட்டருக்குள் 20,000 பேருக்குக் குறைவாகவும், 10 கிலோமீட்டருக்குள் 10,000 பேருக்கு மேற்பட்ட ஊர் இல்லாமலும், அங்குள்ள மக்கள் அடர்த்தி மாநிலச் சராசரியில் மூன்றில் இரண்டு பங்குக்குள்ளும், 30 கிலோமீட்டருக்குள் லட்சம் பேர் நகரம் இல்லாமலும் இருப்பது விரும்பத்தக்கது. ஊருக்கு ஊர் ஒட்டிக்கிடக்கும் கேரளத்தில் இப்படி ஒரு வட்டம் வரைவதே பெரும்பாடு. கண்ணூர் மாவட்டம் பெரிங்ஙோம் திட்டம் மக்கள் எதிர்ப்பில் நின்றது. மேற்கு வங்கத்தின் ஹரிப்பூர் திட்டத்தை 2011இல் மாநில அரசே வேண்டாம் என்றது.

சராசரி அடர்த்தியை மட்டும் நம்பாதீர்கள். தேரிக்காடும் பனங்காடும் சேர்ந்த வட்டத்தில் சராசரி குறைவாகவே வரும். மீனவர் குடியிருப்போ கரையோரம் வீட்டோடு வீடு ஒட்டி நெருங்கியிருக்கும். இடிந்தகரையும் கூடங்குளமும் 5 கிலோமீட்டர் வட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே ஊர்வாரியாகத் தலைகளை எண்ணுங்கள். பிறகு 16 கிலோமீட்டர் வட்டத்தில், நெருக்கடியில் வெளியேற எத்தனை சாலை இருக்கிறது என்று பாருங்கள். கடலோரத்தில் அந்த வட்டத்தின் பாதி தண்ணீர்; கரை நெடுக ஓடும் சாலை நிலையத்தின் பக்கமாகவே போகும், அதைக் கழித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் சாலைகளில் எத்தனை தரைப்பாலம், ஐப்பசி மழையில் அவற்றில் எத்தனை முங்கும் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.